பழைய கார் யார் கையில் விலை போகிறது? தரகர், கன்சல்டிங், ஆர்சி புக் – ஒரு குட்டி வரலாறு

பழைய காரை நாமே ஆள் பிடித்து விற்பது லாபமா, டீலரிடம் தள்ளிவிடுவது லாபமா? யூடியூபில் இதற்கு ஆயிரம் பதில் கிடைக்கும். "நேரா வித்தா நாற்பதாயிரம் அதிகம் கிடைக்கும்", "டீலர்கிட்ட கொடுத்தா தலைவலி இல்லை" என்று எல்லாமே ஏறக்குறைய இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த நாற்பதாயிரம் எதற்கான கூலி என்று யாரும் சொல்வதில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீண்டுவிட்டது.

நான் புரிந்துகொண்டவரை ஒரு பழைய வண்டி கைமாறும்போது மூன்று வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, வாங்குகிறவரைக் கண்டுபிடிப்பது. இரண்டு, வண்டி நல்ல வண்டிதான் என்று அவரை நம்பவைப்பது. மூன்று, அரசாங்கத்தின் பதிவேட்டில் நம் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை ஏற்றுவது. முதல் இரண்டையும் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றி விபத்து நடந்த பிறகுதான் பேசுகிறோம். இந்தியாவில் இந்த மூன்று வேலைகளையும் யார் யார் செய்துவந்தார்கள் என்று பார்த்தாலே, "நேரடியா, டீலரா" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடுகிறது.

சந்தையிலிருந்து தொடங்குவோம்

கார் வருவதற்கு முன்னால் நம் ஊரில் "யூஸ்டு வெஹிக்கிள்" என்றால் அது மாடுதான். பொள்ளாச்சி, மணப்பாறை, ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைகளில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவது இன்றைக்கும் அழியாத பழக்கம். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக் கூடாது. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் தரகருக்கு மட்டும் இரண்டு பக்கத்து எண்ணும் தெரியும். அவருடைய மூலதனமே அந்தத் தகவல்தான்.

மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இத்தனையும் பார்த்து வாங்கிய மாடு வீட்டுக்கு வந்ததும் ஏரில் படுத்துக்கொள்ளும். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்ற பழமொழிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. காசு கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பிடித்துப் பார் என்பதுதான் அது. விற்கிறவனுக்குத் தெரிந்த குறை வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற பிரச்சினை காரோடு பிறந்ததல்ல. காரில் பல்லுக்குப் பதில் ஓடோமீட்டர், அவ்வளவுதான். பல்லைத் திருத்துவதைவிட ஓடோமீட்டரைத் திருத்துவது சுலபம்.

மாட்டுக்கும் காருக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். மாட்டுக்கு ஆர்சி புக் கிடையாது. கயிறு கைமாறினால் மாடும் கைமாறிவிடும். காரில் சாவி கைமாறினால் மட்டும் போதாது. இதைக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

புதுசைவிடப் பழசுக்கு விலை அதிகமாக இருந்த காலம்

இன்றைக்குப் புதுக் கார் ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிடமே விலை இறங்குகிறது என்பது பாலபாடம். ஆனால் இந்தியாவில் சுமார் முப்பது வருடம் இது தலைகீழாக நடந்தது.

1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. ஃபோர்டும் இங்கே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-ல் வந்த டாரிஃப் கமிஷன் அறிக்கை நிலைமையை மாற்றியது. உதிரி பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம் என்றது அரசு. அமெரிக்கக் கம்பெனிகள் மூட்டை கட்டின. மிஞ்சியவர்கள் மூவர். கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் (அம்பாசடர்), பம்பாயில் பிரீமியர் (ஃபியட், பின்னாளில் பத்மினி), நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் (ஹெரால்டு).

மூன்று கம்பெனி, குறைந்த உற்பத்தி, ஏகப்பட்ட தேவை. சந்தை சும்மா இருந்திருந்தால் விலை ஏறியிருக்கும். ஆனால் விலையை அரசு பிடித்து வைத்திருந்தது. 1969-ல் சட்டப்படியே விலை நிர்ணய உத்தரவு போட்டார்கள். கம்பெனிகள் வழக்குப் போட்டு, அம்பாசடரும் ஃபியட்டும் ஹெரால்டும் என்ன விலைக்கு விற்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கும் விஷயமாகிப் போனது. ஒரு காரின் விலையை நீதிபதிகள் உட்கார்ந்து அலசிய நாடு நம்முடையது!

விலை ஏற முடியாவிட்டால் என்ன ஏறும்? வரிசை ஏறும். முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபியட்டுக்கு அம்பாசடரைவிட நீண்ட வரிசை. அப்போது ஒரு பழைய ஃபியட் வைத்திருந்தவரிடம் இருந்தது வெறும் கார் அல்ல, வரிசையில் நிற்காமல் இன்றைக்கே ஓட்டிப் போகும் உரிமை. அந்த உரிமைக்கு விலை உண்டு. அதனால்தான் நல்ல நிலையில் இருந்த பழைய வண்டி, கட்டுப்பாட்டு விலையில் வரும் புது வண்டியைவிட அதிகத்துக்குப் போனது. ஒதுக்கீட்டில் கிடைத்த வண்டியை உடனே விற்றுக் காசு பார்த்துவிடாமல் இருக்க அரசு நிபந்தனை போட வேண்டியிருந்தது என்பதே இதற்குச் சாட்சி.

இந்தச் சூழலில் "நேரடியா, டீலரா" என்ற கேள்வியே எழவில்லை. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் புது வண்டிக்குப் பெயர் பதிந்துகொள்ளும் ஆள். அவருக்குப் பழைய வண்டியில் அக்கறை இல்லை. வரிசையில் ஏற்கெனவே ஆயிரம் பேர் நிற்கும்போது பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரை இழுக்க அவருக்கு என்ன தலையெழுத்து? பழைய வண்டி தெரிந்தவர்களுக்குள், மெக்கானிக் மூலமாக, பேப்பர் வரி விளம்பரம் மூலமாகக் கைமாறியது. மெக்கானிக்தான் அன்றைய தரகர், அவரேதான் தரச்சான்றிதழும்.

இதே காலத்து அமெரிக்காவை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 1920-களிலேயே முதல் கார் வாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்துவிட்டார்கள். இனி விற்க வேண்டுமென்றால் ஏற்கெனவே கார் வைத்திருப்பவரிடம்தான் விற்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்பிரட் ஸ்லோன், அந்தப் பத்தாண்டில் கார் சந்தையையே மாற்றிய விஷயங்களாகச் சொன்னவை நான்கு: தவணைக் கடன், பழைய காரை எடுத்துக்கொண்டு புதுக் கார் கொடுப்பது, மூடிய பாடி, வருடாவருடம் புது மாடல். பழைய காரை டீலர் எடுத்துக்கொள்வது அங்கே புதுக் கார் விற்பனையின் ஓர் அங்கமாகவே வளர்ந்தது. பழைய கார்களுக்கு விலைப்பட்டியல் போடும் கெல்லி புளூ புக் 1926-லேயே வந்துவிட்டது. நமக்கு அந்த நிலை வர எழுபது எண்பது வருடம் பிடித்தது. காரணம் நம் டீலர்களுக்குத் திறமை இல்லாததல்ல, வரிசை இருந்ததுதான்.

ஓர் எலுமிச்சையும் கல் கலந்த அரிசியும்

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கக் கொச்சையில் ஓட்டைக் காரை "லெமன்", அதாவது எலுமிச்சை என்பார்கள். கட்டுரையின் தலைப்பே அந்த எலுமிச்சைகளின் சந்தை பற்றியதுதான். மூன்று இதழ்கள் நிராகரித்த பிறகு நான்காவது இதழில் வந்தது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் வாதம் இதுதான். என் கணக்கில் சொல்கிறேன். ஒரே மாடல், ஒரே வருடம். அதில் நல்ல வண்டி 4 லட்சம் பெறும், மோசமான வண்டி 2 லட்சம். எது நல்லது என்று ஓனருக்குத் தெரியும், வாங்க வருபவருக்குத் தெரியாது. அவர் சராசரி போட்டு 3 லட்சம் தருவேன் என்பார். உடனே நல்ல வண்டிக்காரர், "போய்யா, நானே வச்சு ஓட்டிக்கிறேன்" என்று விலகிவிடுவார். மோசமான வண்டிக்காரர் சந்தோஷமாக வருவார். சந்தையில் மோசமான வண்டி மட்டும் மிஞ்ச மிஞ்ச, வாங்குகிறவர் 3 லட்சத்திலிருந்தும் இறங்குவார். கடைசியில் நல்ல வண்டிகள் சந்தைக்கே வராது. யாரும் ஏமாற்றாமலேயே சந்தை கெட்டுப் போகும். அதுதான் இந்த வாதத்தின் அழகு.

அகர்லாஃப் 1967-68-ல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். அவர் கட்டுரையில் இந்தியா பல இடங்களில் வருகிறது. கடன் கொடுக்கும் லேவாதேவிக்காரர் வருகிறார். கடையில் வாங்கிய அரிசியில், அதே நிறத்தில் அதே வடிவத்தில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பத் தலைவியும் வருகிறார். நம் அம்மாக்கள் முறத்தில் புடைத்துக் கல் பொறுக்கியதை, நேர்மையின்மைக்குச் சமூகம் கொடுக்கும் விலைக்கு உதாரணமாக வைத்திருக்கிறார் மனிதர். கார் கட்டுரையில் முறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அகர்லாஃப் இருந்த அதே டெல்லியில் அப்போது பழைய கார் புதுசைவிட அதிக விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கோட்பாடு தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஓட்டை வண்டியாக இருக்குமோ என்ற பயத்தைவிட, வண்டியே கிடைக்காதோ என்ற பயம் பெரிதாக இருந்தது. பஞ்சத்தில் யாரும் அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதில்லை.

கோட்பாட்டில் ஒரு மருந்தும் இருக்கிறது. தெரியாத தரத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். கேரண்டி, பிராண்டு பெயர், உரிமம் போன்றவை அதற்குத்தான். டீலருக்குக் கடை இருக்கிறது, போர்டு இருக்கிறது, நாளைக்கும் அதே தெருவில் உட்கார வேண்டும். தனி ஆள் ஒரே ஒரு வண்டி விற்கிறார், அப்புறம் அவரைப் பார்க்கப் போவதில்லை. டீலர் விலைக்கும் தனியார் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி இந்த "நாளைக்கும் இங்கேதான் இருப்பேன்" என்பதற்கான கூலி. தனி ஆளும் இதை ஈடுகட்டப் பார்க்கிறார். "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்ற விளம்பரம் அதுதான். டாக்டர் வண்டி மெதுவாக ஓடியிருக்கும், சர்வீஸ் ஒழுங்காக நடந்திருக்கும் என்ற நம்பிக்கை. விற்பனைக்கு வந்த டாக்டர் வண்டிகளையெல்லாம் கூட்டினால் நாட்டில் உள்ள டாக்டர்களைவிட அதிகம் தேறும் என்பது என் ஊகம்!

மாருதிக்குப் பிறகு: கன்சல்டிங் காலம்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதற்கு முன்பே பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆரம்பத்தில் இங்கேயும் பழைய கதைதான். வரிசை, ஒதுக்கீடு, மேலே "ஆன்" வைத்து விற்பது. (சாவி வாங்கிய அந்த முதல் உரிமையாளர் 2010-ல் இறக்கும்வரை வண்டியை விற்கவே இல்லை. இன்று அது கம்பெனித் தலைமையகத்தில் நிற்கிறது. இந்தப் பதிவுக்குக் கொஞ்சமும் உதவாத ஓனர்!)

1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவை நீங்கியது. தேவூ, ஃபோர்டு வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. வங்கிகள் கார் கடன் கொடுக்க வரிசைகட்டின. வாங்குபவர்கள் நின்ற வரிசை போய், விற்பவர்கள் நிற்கும் வரிசை வந்தது. முதல் முறையாக இந்தியக் காருக்கு ஒழுங்கான தேய்மானம் வந்தது. புதுசு வாங்க பழசைத் தள்ளும் ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவில் 1920-களில் நடந்தது இங்கே 1990-களின் கடைசியில் நடந்தது.

இந்த இடத்தில்தான் நம் ஊரின் "ஆட்டோ கன்சல்டிங்" பெருகியது. ஈரோடு, நாமக்கல், கோவை, திருச்சி என்று எந்த ஊர் பைபாஸில் போனாலும் ஒரு தகரக் கொட்டகை, வரிசையாகத் துடைத்து நிறுத்திய வண்டிகள், கண்ணாடியில் சுண்ணாம்பால் எழுதிய வருடம். கன்சல்டிங் என்ற பெயரைக் கவனியுங்கள். "நான் வாங்கி விற்பவன் அல்ல, ஆலோசனை சொல்பவன்" என்கிறது பெயர். பல இடங்களில் வண்டியை அவர் விலைக்கு வாங்குவதும் இல்லை. ஓனர் நிறுத்திவிட்டுப் போவார், விற்றால் கமிஷன். வாங்கினாலும் தன் பெயருக்கு மாற்றுவதில்லை. ஓனரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். இதற்கு "ஓப்பன் டிரான்ஸ்ஃபர்" என்று ஒரு செல்லப் பெயர்.

இதை ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. தன் பெயருக்கு மாற்றினால் ஒரு முறை செலவு, அடுத்தவர் பெயருக்கு மாற்றும்போது இன்னொரு செலவு. அதைவிட முக்கியம், ஆர்சியில் ஓனர் எண்ணிக்கை ஒன்று ஏறிவிடும். "செகண்ட் ஓனர்" வண்டி "தேர்டு ஓனர்" ஆனால் விலை விழும். புது வண்டி டீலருக்குப் பதிவுக்கு முன் வண்டியை வைத்திருக்க டிரேடு சர்டிஃபிகேட் என்ற ஏற்பாட்டைச் சட்டம் செய்திருந்தது. பழைய வண்டி வியாபாரிக்கு அப்படி எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை. அதனால் அவரும் சட்டத்தின் கண்ணில் படாமலே தொழில் செய்தார்.

2001-ல் மாருதி "ட்ரூ வேல்யூ" தொடங்கியது. பிறகு மற்ற கம்பெனிகளும், மஹிந்திரா ஃபர்ஸ்ட் சாய்ஸ் மாதிரி பல பிராண்டுகளை விற்கும் கடைகளும், 2015 வாக்கில் கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற ஆப்களும் வந்தன. இவர்கள் செய்தது அகர்லாஃப் சொன்ன அதே மருந்துதான்: நூற்றுச் சொச்சம் புள்ளிகளில் பரிசோதனை, கேரண்டி, பிராண்டு போர்டு. "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய வண்டிக்குக் கொஞ்சம் கூடத் தருவதுபோல் தெரியும் அந்தப் பணம், பெரும்பாலும் புது வண்டியில் கொடுக்க வேண்டிய தள்ளுபடியின் இன்னொரு பெயர். இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கேட்டால் உண்மை தெரியும்.

இரண்டு டேட்டாபேஸ்கள்

இனி மூன்றாவது வேலைக்கு வருவோம். என் தொழில் மென்பொருள் என்பதால் எனக்கு இது ஒரு டேட்டாபேஸ் பிரச்சினையாகத்தான் தெரிகிறது.

பொருள் விற்பனைச் சட்டம் 1930-ன்படி, ஓர் அசையும் பொருளின் உடைமை, விற்பவரும் வாங்குபவரும் எப்போது மாற வேண்டும் என்று நினைக்கிறார்களோ அப்போது மாறிவிடும். பணம் வாங்கி சாவி கொடுத்தால் பொதுவாக விற்பனை முடிந்தது. மாட்டுச் சந்தைக் கயிறு மாதிரி. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் தனியாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 1939-ம் ஆண்டுச் சட்டத்தில் "ஓனர்" என்பதற்கு முழுமையான விளக்கம் இல்லை. மைனர் கையில் உள்ள வண்டி, தவணையில் உள்ள வண்டி என்று சில இடங்களை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. 1989 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த 1988-ம் ஆண்டுச் சட்டம், பிரிவு 2(30)-ல், யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே ஓனர் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆக, ஒரே வண்டிக்கு இரண்டு டேட்டாபேஸ். ஒன்றில் ஓனர் மாறிவிட்டார், இன்னொன்றில் மாறவில்லை. இரண்டையும் ஒத்திசைக்கும் வேலை யாருடையது? பிரிவு 50 இருவரிடமும் கொடுத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். வெளி மாநிலம் என்றால் விற்றவர் தடையில்லாச் சான்றோடு 45 நாளுக்குள். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை என்றால் என்ன ஆகும் என்று ஆபீஸில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் சித்தப்பா ஒருவர் தன் வண்டியை டெல்டா பக்கம் ஒரு கன்சல்டிங்கில் கொடுத்தார். பேசிய பணம் அன்றைக்கே கைக்கு வந்தது, டெலிவரி நோட் கொடுத்தார்கள், ஓப்பனாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து, அவர் போயே இராத ஒரு மாவட்டத்தின் விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன். அந்த வண்டி ஒருவரை இடித்திருக்கிறது. "ஏன்டா, வித்து மூணு வருஷம் ஆச்சு, காசும் வாங்கியாச்சு. இன்னும் என் பேரு அதுல என்ன பண்ணுது?" என்று என்னிடம் கேட்டார். நல்லவேளையாக அப்போது ஓட்டியவர் இன்சூரன்ஸ் கட்டி வைத்திருந்தார், நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. சித்தப்பாவுக்கு மிஞ்சியது இரண்டு வருட அலைச்சல். இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தால் கதை வேறு.

எவ்வளவு வேறு என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. அந்த வழக்கிலும் வண்டி 2007-லிருந்து கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. ஒருவர் விற்றார், வாங்கியவர் விற்றார், அவரிடம் வாங்கியவர் விற்றார். ஆர்சியில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே இருந்தது. 2009-ல் விபத்தில் ஒரு சிறுவன் இறந்தான். நஷ்டஈட்டுக்கு யார் பொறுப்பு? பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் ஓனர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று பதிவாகாத கைமாற்றங்களைத் துரத்திக்கொண்டு அலைய முடியாது என்பது அதன் காரணம். யோசித்தால் அதுவும் நியாயம்தான். குழந்தையைப் பறிகொடுத்தவர் எந்தக் கொட்டகையில் எந்த டெலிவரி நோட்டைத் தேடுவார்?

டெலிவரி நோட் உதவாத காகிதம் என்று சொல்லவில்லை. வண்டி குற்றத்தில் மாட்டினால், அந்தத் தேதியில் வண்டி யாரிடம் இருந்தது என்று போலீசிடம் காட்ட அது தேவை. ஆனால் நஷ்டஈட்டு வழக்கில் அது உங்கள் பெயரை அழிக்காது.

2022-ல் வந்த விதி

டீலரைச் சட்டத்தின் கண்ணுக்குள் கொண்டுவரும் வேலை 2022 டிசம்பரில்தான் நடந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலாக்கினார்கள். பழைய வண்டி டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், அது ஐந்து வருடம் செல்லும். ஓனர் வண்டியை ஒப்படைத்ததை இருவரும் சேர்ந்து ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து, பெயர் மாற்றம் செய்யாமலேயே, டீலர் "கருதப்படும் ஓனர்" ஆகிறார், வண்டிக்கு அவரே பொறுப்பு. டிரையல், ரிப்பேர், பெயிண்ட் போன்ற வேலைகளுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். போய் வந்ததற்குப் பதிவேடு வைக்க வேண்டும்.

கன்சல்டிங்காரர் ஓப்பன் டிரான்ஸ்ஃபருக்குப் போனதற்கான காரணத்தையே இந்த விதி தொட்டிருக்கிறது. ஓனர் எண்ணிக்கையும் ஏறாது, விற்றவர் தலைமேல் கத்தியும் தொங்காது. நல்ல டிசைன் என்றே சொல்வேன். ஆனால் இது அங்கீகாரம் பெற்ற டீலருக்கு மட்டும்தான் பொருந்தும். போர்டு பெரிதாக இருப்பது அங்கீகாரம் ஆகாது. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, பழைய கார் விற்றால் 18 சதவீதம் வரி என்று வாட்ஸ்அப்பில் பெரிய கலவரமே நடந்தது. அந்த வரி பதிவு பெற்ற வியாபாரிக்கு, அதுவும் அவர் லாப வித்தியாசத்துக்கு மட்டும். 40,000 ரூபாய் வித்தியாசம் என்றால் 7,200. நீங்கள் உங்கள் வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் டீலர் சொல்லும் விலையில் அந்த வரியும் மறைந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

இனி அந்த நாற்பதாயிரத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஆள் தேடும் வேலை, இன்று ஆப் வந்த பிறகு மலிந்துவிட்டது. அதற்காக மட்டும் டீலருக்குப் பெரிய தொகை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தரத்துக்கு உத்தரவாதம் தருவது இன்னும் விலையுள்ள வேலை. உங்களிடம் முழு சர்வீஸ் ரெக்கார்டு இருந்து, வாங்குகிறவர் தெரிந்தவராகவோ தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருந்தால் அந்த வேலையை நீங்களே செய்துவிடலாம். நேரடி விற்பனையில் உண்மையான லாபம் அங்கேதான். ரெக்கார்டு இல்லாத, ஓட்டம் அதிகமான வண்டி என்றால், சந்தேகத்துக்கான தள்ளுபடியை டீலரிடம் கொடுத்தாலும் வெளியாளிடம் கொடுத்தாலும் ஒன்றுதான்.

பெயர் மாற்றும் வேலையை மட்டும் எந்த வழியில் போனாலும் யாரையும் நம்பி விடாதீர்கள். நேரடியாக விற்றால் வாங்குபவரோடு சேர்ந்து விண்ணப்பத்தைப் போட்டுவிட்டே சாவியைக் கொடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் முதலில். டீலரிடம் என்றால் ஒப்படைப்பு ஆன்லைனில் ஏறிவிட்டதா என்று ரசீதைப் பாருங்கள். எதுவும் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபாஸ்டேகை மூடுங்கள், இல்லாவிட்டால் அவர் திருப்பதி போய்வர நீங்கள் சுங்கம் கட்டுவீர்கள். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. அதற்குச் சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

விற்று ஒரு மாதம் கழித்து பரிவாகன் தளத்திலோ ஆப்பிலோ உங்கள் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முழுப் பெயர் தெரியாது, நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே சில எழுத்துகள் தெரியும். அவை உங்கள் பெயரின் எழுத்துகளாக இருந்தால், பணம் கைக்கு வந்திருந்தாலும் உங்கள் விற்பனை இன்னும் முடியவில்லை.